அந்தக் கறுப்பு மெத்தையை எடுக்காதே

தம்பி,

இந்தப் பொட்டலத்தில் நீ கேட்ட நான்கு ரப்பர் பேடுகள் இல்லை. பருப்புப் பொடி இருக்கிறது, பூண்டு ஊறுகாய் இருக்கிறது, பிறக்கப்போகும் குழந்தைக்காக உன் அம்மா தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து ஓரம் தைத்த துணிகள் இருக்கின்றன. பேடுகளைத் தேடி அடியில் துழாவாதே. அவை பரணிலிருந்து இறங்கி இப்போது என் எதிரே மேசைமேல் கிடக்கின்றன. உன் கம்பெனி நண்பர் நாளை மதியம் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பெங்களூர் போய் விமானம் ஏறுகிறார். அதற்குள் நான் இதை எழுதி முடிக்க வேண்டும். நேற்று உனக்கு வாட்ஸ்அப்பில், "தொட்டியில் தண்ணீர் விடாதே, காரணம் கடிதத்தில் வரும்" என்று ஒரு வரி அனுப்பினேன். "சரிப்பா" என்று பதில் போட்டாய். ஏன் என்று நீ கேட்கவில்லை. என்னிடம் நீ எதற்கும் ஏன் என்று கேட்பதில்லை. அப்படி உன்னை ஆக்கியவன் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் ஜப்பான் வீட்டைச் சுற்றிக் காட்டினாய். வீடு என்ன வீடு, ஒரே அறை. "இங்கதாம்பா கொழந்த கட்டிலு. அதுக்கு நேரா தொட்டி. கண்ணத் தொறந்தா மீனுதான் தெரியணும்" என்றாய். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, மார்பு உயரத்தில் ஓர் ஒல்லியான இரும்பு ஸ்டாண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் உன் தலைக்கு மேலே விளக்கு ஆட ஆரம்பித்தது. "பயப்படாதீங்க மாமா, இங்க இது அடிக்கடி வரும்" என்று சொல்லிக்கொண்டே மஞ்சுளா எட்டு மாத வயிற்றைப் பிடித்தபடி சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். நீ போகவில்லை. போனை எதன்மீதோ சாய்த்துவைத்துவிட்டு ஓடி, தண்ணீரே இல்லாத அந்தத் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். ஓசூரில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நீ நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். பத்து வயதில் நீ அப்படித்தான் நின்றாய். ஆட்டம் அடங்கியதும் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து சொன்னாய்: "அப்பா, அந்தப் பழைய பேடு இன்னும் இருக்குதில்ல? நாலையும் குடுத்தனுப்புங்க. தொட்டியோட ஏதோ கறுப்பு மெத்தை ஒண்ணு குடுத்தாங்க, அதை எடுத்துட்டு உங்க பேடு போட்டர்றேன். அன்னிக்கு நான் தள்ளாம இருந்திருந்தா நம்ம தொட்டி நின்னுருக்கும்." இதைச் சொல்லிவிட்டு நீ வழக்கம்போல அம்மாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாய்.

அந்தக் கறுப்பு மெத்தையை எடுக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ நம்பாவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் எடுக்காதே. என் பேடுகளின்மீது அந்தத் தொட்டியை நிறுத்தினால் என் பேரக்குழந்தையின் தலைமாட்டில் நானே பொறி வைத்தது போலாகும். இதைப் போனில் சொல்ல மூன்று முறை எண்ணை அழுத்தினேன். மூன்று முறையும் நீ எடுத்தாய். மூன்று முறையும் நான் சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டு வைத்தேன். அறுபத்தொரு வயதில் இவ்வளவு கோழையாக இருப்பேன் என்று நானே நினைக்கவில்லை.

நாம் வாடகைக்கு இருந்த ரேணுகம்மா வீட்டு மாடி உனக்கு ஞாபகம் இருக்கும். நான் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கல்யாணம் ஆகி, நாம் மூவரும் அந்த இரண்டு அறைக்குள் எட்டு வருடம் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் கல்குவாரி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெடி வைப்பார்கள். முதலில் காலுக்கு அடியில் தரை ஓர் உதறு உதறும், பிறகுதான் சத்தம் வரும். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். நமக்கு அது பழகிவிட்டது. உன் மீன்களுக்குப் பழகவில்லை. மீன் தொட்டி வேண்டும் என்று ஒரு வருடம் நச்சரித்து வாங்கியிருந்தாய், பாரூர் ஏரி மீன் தின்று வளர்ந்த உன் அம்மா, "மீனுன்னா கொழம்புல கெடக்கணும், கூடத்துலயா?" என்று கிண்டல் செய்துவிட்டு, கடைசியில் அவள்தான் தினமும் அவற்றுக்குத் தீனி போட்டாள். ஒவ்வொரு வெடிக்கும் தொட்டித் தண்ணீர் குலுங்கி, அந்த இரண்டு ஆரஞ்சு மீன்களும் மூலைக்கு மூலை முட்டிக்கொண்டு ஓடும். "அப்பா, அதுங்களுக்கு நெஞ்சு வெடிச்சுருமாப்பா?" என்று நீ கேட்டாய். நான் பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் பிட்டர். அதிர்வு என்று யாராவது சொன்னால் நான் சும்மா இருப்பேனா?

பிளான்டில் இரும்புத் தகட்டை இடித்து வளைக்கும் பெரிய பெரிய பிரஸ்களுக்குக் கீழே நாங்கள் ரப்பர் பேடு வைப்போம். மெஷின் இடிக்கிற இடி தரைக்குப் போகாது, தரையின் ஆட்டம் மெஷினுக்கு வராது. கழித்துப்போட்ட பேடுகளில் நான்கைப் பொறுக்கி, முறையாகக் கேட் பாஸ் எழுதி வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவு, மேலே ரப்பர், விளிம்பில் இரும்பு வளையம். தொட்டி அதுவரை இடுப்பு உயர மேசையில் போட்ட ஒரு பலகைமேல், பலகை நிறைய விரித்த தெர்மாகோல்மேல் உட்கார்ந்திருந்தது. "தெர்மாகோலை மட்டும் எடுத்துறாதீங்க சார்" என்று கடைக்காரர் தொட்டியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். மீன் விற்கிறவர் எனக்கு லெவல் சொல்லித் தருவதா என்று எனக்கு ஒரு நக்கல். தண்ணீரை இறைத்துவிட்டுத் தெர்மாகோலை உருவி எறிந்தேன். நீ அதை எடுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்துக்கு எரிமலை செய்தாய். நான்கு மூலைக்கும் நான்கு பேடு. ஒரு பேடு தேய்ந்து சற்றுத் தாழ்ந்திருந்தது, அதற்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகினேன். மட்டம் பார்க்கும் லெவல் பாட்டிலை விளிம்பில் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. மறுநாள் வெடிக்குத் தண்ணீர் முன்னைவிடக் குறைவாகத்தான் குலுங்கியது. ரேணுகம்மாவை மாடிக்குக் கூட்டிவந்து காட்டினேன். "இனிமே பூகம்பமே வந்தாலும் இது அசையாதுங்க" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு பெருமையோடு அதற்குப் பிறகு என்னை யாரும் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறின நேரம். குவாரிக்கு லீவு. அதனால் தரை உதறியபோது எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. வெடி என்றால் ஒரே உதறல், இது நிற்கவில்லை. கட்டில், பீரோ, சாமி படம் எல்லாம் ஆடின. சின்ன நில அதிர்வுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நம் வீட்டுக்கு மட்டும்தான் ஆயிற்று. உன் அம்மா தொட்டிக்கு முன்னால் தரையில் காலை ஒருபக்கமாக மடக்கி உட்கார்ந்து, குனிந்து, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஓடிப்போய் இரண்டு கையாலும் தொட்டியின் முன்கண்ணாடியைப் பிடித்தாய். அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். தண்ணீர் மொத்தமாகக் கொட்டியது. முன்கண்ணாடி கழன்று வந்து தரையில் சிதறியது. நான் எழுந்து வந்து பார்க்கும்போது அம்மாவின் வலது குதிகாலுக்கு மேலே வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பிறகு அது சிவப்பாயிற்று. உன் இரண்டு உள்ளங்கைகளிலிருந்தும் ரத்தம். கீழேயிருந்து ரேணுகம்மா, "ஏனாய்த்து, என்ன ஆச்சு!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டு படியேறி வந்தாள். நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? உன் அம்மாவின் காலைக் கட்டவில்லை. உன் கன்னத்தில் அறைந்தேன். "ஏண்டா தள்ளுன? தள்ளிட்டியேடா!" என்றேன்.

மெயின் ஸ்விட்சை அணைத்தது ரேணுகம்மா. தண்ணீருக்குள் தொட்டியின் காற்று மோட்டார் ஒயர் கிடந்தது, நாம் மூன்று பேரும் அந்தத் தண்ணீருக்குள்தான் இருந்தோம். ஊருக்கெல்லாம் கரண்டு ஜாக்கிரதை சொல்லும் எனக்கு அது தோன்றவில்லை, ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்த அந்த அம்மாளுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் குதிகால் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். அது சரியாகச் சேரவில்லை. அன்றிலிருந்து வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். உன் கைகளுக்கும் தையல் போட்டார்கள். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் நான் ஒரே கதையைச் சொன்னேன்: "பையன் ஓடிவந்து தள்ளிட்டான், தொட்டி பேடை விட்டு எறங்கிருச்சு. சின்னப் பையன், அவனுக்கென்ன தெரியும்." இதைச் சொல்லும்போது நீ அங்கேயே, அம்மாவின் கால்மாட்டில், கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. மூன்றாம் நாள் நான் மட்டும் வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் கூட்டினேன். பலகைமேல் நான்கு பேடுகளும் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. தொட்டியின் பின்கண்ணாடியும் அடிக்கண்ணாடியில் பாதியும் அவற்றின்மேல் அப்படியே நின்றன. ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகராத தொட்டியை யார் தள்ளியிருக்க முடியும்? பின்பக்கம் இடது மூலையில், அட்டை சொருகிய அந்தப் பேடின் இரும்பு வளையம் தொட்ட இடத்தில், அடிக்கண்ணாடியில் நட்சத்திரம்போல ஒரு புள்ளி. அதிலிருந்துதான் எல்லா விரிசலும் கிளம்பியிருந்தன. உடைந்த மெஷின் தண்டு, உடைந்த அச்சு என்று இருபது வருடம் விரிசலைப் படித்தவன் நான். அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. பிரஸ்ஸின் அடிப்பாகம் வார்ப்பிரும்பு. நான்கு காலில் நிற்கும். கண்ணாடிக்கு அடி முழுக்கத் தாங்கல் வேண்டும். நான்கு மூலையில் தூக்கி நிறுத்தினால் நடுவில் தண்ணீர்க் கனத்துக்குத் தொய்ந்துகொண்டே இருக்கும், ஒரு நீண்ட உதறலுக்குக் காத்திருக்கும். மேலே குமிழி நடுவில் நின்றதைப் பார்த்து நான் மெச்சிக்கொண்டிருந்த இரண்டு வாரமும் அது காத்திருந்தது. அந்த மூலைத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றி, பேடுகளோடு சேர்த்துச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். கைகளைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன். நீ தூங்காமல் உட்கார்ந்திருந்தாய். உன் தலையைத் தடவி, "பரவால்ல விடுடா, தெரியாமப் பண்ணிட்ட" என்றேன்.

அறைந்ததைக்கூட ஆத்திரம் என்று தள்ளிவிடலாம். இந்த மன்னிப்பை எதில் சேர்ப்பது? தெரிந்தே செய்தேன். நான் செய்த தப்புக்கு உன்னை மன்னித்தேன். நீ விசும்பிக்கொண்டே, "இனிமே எதையும் தொடமாட்டம்பா" என்றாய். "நல்ல பையன்" என்றேன்.

உன் வேலையில் நீ தினமும் எழுதும் தாள்தானே அது, ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டுக் காரணத்தின் அடிவேர் வரைக்கும் போவது. எங்கள் பிளான்டிலும் அதுதான். முதல் ஏனுக்கோ இரண்டாவது ஏனுக்கோ "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதிக்கொண்டு வருகிற பயல்களின் தாளை அவர்கள் முகத்துக்கு நேரே கிழித்திருக்கிறேன். "ஆளு மேல பழி போட்டா வேலை முடிஞ்சுதாடா? மெஷின் ஏன் அப்படி இருந்துச்சு, அதைச் சொல்லு" என்று கத்தியிருக்கிறேன். அதற்காக எனக்கு நல்ல பெயர்கூட உண்டு. வீட்டுக்குள் நடந்ததற்கு இரண்டாவது ஏனிலேயே ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டேன். அந்த ஆபரேட்டருக்கு வயது பத்து.

அதற்குப் பிறகு நீ கடைகளுக்குள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நுழைந்தாய். யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் நின்றாய். "எம்பையன் ஒரு பொருளத் தொடமாட்டான், அவ்வளவு ஒழுக்கம்" என்று நான் பீற்றிக்கொண்டேன். வெளியூர்க் காலேஜில் இடம் கிடைத்தும், அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்க ஆள் இல்லை என்று இங்கேயே படித்தாய். நான் தடுக்கவில்லை. உன் நிச்சயத்துக்கு முந்தின வாரம் கிருஷ்ணகிரியில் வளையல் கடைக்குப் போனோமே, மஞ்சுளா உள்ளேயிருந்து கூப்பிடக் கூப்பிட நீ படியிலேயே நின்றாய். "மாமா, இவரு கண்ணாடி வளையலுக்குக்கூடப் பயப்படறாரு" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். கல்யாண நேரம், எதற்கு என்று விட்டேன். அதற்கு முன்னால் பரீட்சை நேரம், அதற்கும் முன்னால் அம்மாவுக்கு உடம்பு தேறட்டும் என்று. விடுவதற்கு எப்போதும் ஒரு நல்ல நேரம் இருந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் கைகளை அந்தக் காலித் தொட்டியின்மேல் பார்த்த பிறகு எனக்குச் சாக்கு தீர்ந்துவிட்டது.

இன்று காலை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஊறுகாய்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சாக்கைப் பிரித்து அந்தக் கண்ணாடித் துண்டை அவள் முன்னால் வைத்துச் சொன்னேன். அவள் துண்டைக் கையில் எடுத்து அந்த நட்சத்திரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். "ஒரு மாசம் அவன் எம் பக்கத்துல படுக்கலீங்க. ஞாபகம் இருக்குதா? தூக்கத்துல கால்ல பட்டுரும்னு செவுத்தோரமா ஒட்டிக்கிட்டுப் படுத்தான்" என்றாள். பிறகு, "எங் காலு போனாப் போவுது. எம்புள்ளைய எதுக்குங்க இப்புடிப் பண்ணீங்க?" என்றாள். "எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் பொட்டலத்த ஒட்டுவேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு படியாக அவள் ஏறும் சத்தத்தைக் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கேட்ட சத்தம்தான். இன்று கேட்க முடியவில்லை.

உன்னைத் தேற்றுவதற்காக அப்பா கதை கட்டுகிறார் என்று நீ நினைப்பாய். எனக்குத் தெரியும். அதனால் அந்தத் துண்டைப் படம் எடுத்துப் பிரின்ட் போட்டு இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பேடின் வளையத்தோடு பொருத்திவைத்து ஒன்று. நீ குவாலிட்டி ஆள். விரிசல் எங்கே பிறந்து எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் பேச்சை நம்பாதே, படத்தைப் பார்.

இனி உன் தொட்டி. கட்டிலை முதலில் எதிர்ச்சுவருக்கு மாற்று. தொட்டி ஸ்டாண்டோடு முழுசாக முன்னால் விழுந்தாலும் கட்டிலையும் வாசல் வழியையும் எட்டக்கூடாது. டேப்பை வைத்து அள, கண்ணால் அளக்காதே. அந்த மார்பு உயர ஒல்லி ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழங்கால் உயரத்தில் அகலமாக, கனமாக ஒன்று வாங்கு. அதைச் சுவரோடு பிடிக்க வேண்டும், வீட்டுக்காரரைக் கேட்டு, சுவருக்குள் மரச்சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துத் திருகு போடு. வெறும் பூச்சுப் பலகையில் போட்டால் முதல் ஆட்டத்திலேயே பிய்த்துக்கொண்டு வரும். மெத்தையைப் பற்றித்தான் சொல்லிவிட்டேன், அந்தத் தெர்மாகோல் மாதிரி அதுதான் அடி முழுக்கத் தாங்கும். கண்ணாடியை விட்டுவிட்டு அக்ரிலிக் தொட்டியாக மாற்ற முடிந்தால் இன்னும் நிம்மதி. தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாதே, நான்கு விரல் குறைவாக விட்டு மூடி போடு. ஒயர்கள் கீழே தொங்கி வளைந்து மேலேறி பிளக்குக்குப் போக வேண்டும், அப்போதுதான் ஒயர் வழியாக வரும் தண்ணீர் வளைவில் சொட்டும், பிளக்குக்குள் போகாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்த ஹீட்டர்தான். இங்கே நமக்கு அது கிடையாது, உன் ஊர்க் குளிருக்கு வேண்டும். ஆட்டத்தில் தண்ணீர் போய், கரண்டும் போய், நீங்கள் எல்லாரும் வெளியே ஓடி நிற்கும்போது கரண்டு திரும்பி வந்தால், வறண்ட தொட்டிக்குள் அது தனியாகக் காய்ந்து பக்கத்தில் கிடப்பதைப் பற்றவைக்கும். அதனால் வெளியே போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போ. பிளான்டில் மெஷினைத் தொடும் முன் ஸ்விட்சை அணைத்துப் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோமே, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வரட்டும். ஆட்டம் நின்ற பிறகும் மெயின் அணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஈரத்தில் கால் வைக்காதே. ரேணுகம்மாவை நினைத்துக்கொள்.

இவ்வளவும் எழுதி முடித்து உன் அம்மாவைக் கூப்பிட்டேன். மாடியிலிருந்து இறங்கிவந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "ஒண்ணு உட்டுட்டீங்க" என்றாள். எதை என்றேன். "ஆசுபத்திரியில கண்ணு முழிச்சதும் நான் சொன்னத." எனக்கு ஞாபகம் வந்தது. அவள் அன்றே சொன்னாள். மயக்க மருந்து தெளியாமல் உளறுகிறாள் என்று நர்ஸிடம் சொல்லி நான் அவள் வாயை அடைத்தேன். பிறகும் பல தடவை உன்னிடம் சொன்னாள். அம்மா அப்படித்தான் சொல்வாள் என்று நீயும் ஒதுக்கினாய். இப்போது அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "அவன் தள்ளல. கண்ணாடி கழண்டு எந் தலைக்கு நேரா வந்துச்சு. நான் குனிஞ்சு காய் அரிஞ்சுக்கிட்டு இருந்தன். கழுத்துல உழுந்துருக்கும். இவன் ரெண்டு கையும் குறுக்க இருந்துச்சு. கை மேல சறுக்கித்தான் அது நேராக் கீழ எறங்குச்சு. எங் கழுத்துக்கு வந்தது காலோட போச்சு."

உன் உள்ளங்கைகளை இப்போது விரித்துப் பார், தம்பி. விரல்களுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இருக்கும், இரண்டு கையிலும் ஒரே உயரத்தில். தள்ளுகிறவனுக்கு அந்த இடத்தில் வெட்டு விழாது. விழுகிற கண்ணாடியின் விளிம்பைத் தாங்கினவனுக்குத்தான் விழும். இருபத்தொரு வருடமாக அதை நீ உன் தப்பின் அடையாளம் என்று வைத்திருக்கிறாய், நானும் உன்னை அப்படி வைத்திருக்கவிட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னிப்பை வைத்து நான் செய்த காரியத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கோபம் வந்தால் கோபப்படு. போன் செய்யத் தோன்றாவிட்டால் செய்யாதே. அம்மாவிடம் மட்டும் பேசு.

இனிமேல் ஆட்டம் வந்தால் தொட்டியைப் பிடிக்காதே. உடைந்தால் உடைந்துவிட்டுப் போகட்டும். நீ குழந்தையை அணைத்துக்கொண்டு மஞ்சுளாவோடு மேசைக்கு அடியில் போ. ஆட்டம் இல்லாத நாட்களில், குழந்தை தவழ்ந்து வந்து இரண்டு கையையும் கண்ணாடியில் அப்பிவைத்துக்கொண்டு மீன் பார்க்கும். கையை எடு என்று சொல்லாதே. பக்கத்தில் உட்கார்ந்து உன் கையையும் வை.

அப்பா